ஏஜென்ட்டுக்கு டாக்ஸ் தேடித் தர்ற மைக்ரோசாஃப்ட் லேர்ன் எம்சிபி சர்வர்: தினமும் யூஸ் பண்றவ எழுதுற ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். அஷூர் (மைக்ரோசாஃப்ட்டோட க்ளவுட்), என்ட்ரா (யூசர் அக்கவுன்ட், லாகின் பாக்குற சர்வீஸ்), மைக்ரோசாஃப்ட் 365னு இந்தப் பக்கம் வேலை பாக்குறவங்க, ஸ்கிரிப்ட் எழுத ஏஐ ஏஜென்ட் வெச்சிருக்கீங்கன்னா, அதுக்கு அஃபீஷியல் டாக்ஸ (விளக்கப் பக்கங்கள) தேடித் தர்ற மைக்ரோசாஃப்ட் லேர்ன் எம்சிபி சர்வர இன்னிக்கே கனெக்ட் பண்ணிக்கோங்க. காசு கிடையாது, அக்கவுன்ட் கிடையாது, கீ கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. ஆனா கனெக்ட் பண்ணியாச்சு, இனி ஏஜென்ட் எல்லாத்தையும் சரியா எழுதிடும்னு நம்பி உக்காந்துடாதீங்க. இதுல துண்டு துண்டாத் தேடித் தர்ற சர்ச்னு ஒண்ணு இருக்கு, முழுப் பக்கத்தையும் தர்ற ஃபெட்ச்னு ஒண்ணு இருக்கு, சர்ச்சோட நிறுத்திட்டா பாதிக் கிணறுதான் தாண்டுன கதை. அதப் பத்திதான் இங்க அதிகமா எழுதப் போறேன், மத்தத வேகமா சொல்லிட்டுப் போயிடுறேன்.

எங்க டீம் வேலை என்னன்னா, க்ளையன்ட்டோட டெனன்ட்ட (மைக்ரோசாஃப்ட் க்ளவுட்ல அந்தக் கம்பெனிக்குன்னு இருக்குற தனி இடம்) மேனேஜ் பண்றது, யூசர் அக்கவுன்ட், லைசென்ஸ், ஆக்சஸ் ரிவ்யூ, ஆடிட்டுக்கு ரிப்போர்ட் எடுத்துக் குடுக்குறது. கமாண்ட் எழுதி வேலைய முடிக்கிற பவர்ஷெல்தான் எங்களுக்கு சோறு போடுது. இந்த ஏரியால ஏஜென்ட்கிட்ட கோட் கேட்டா வர்ற பெரிய பிரச்சனை, அது படிச்சு வளந்ததெல்லாம் பழைய பாடம். இன்டர்நெட்ல பத்து வருஷமா எழுதிக் குவிச்ச பதில் பூரா எம்எஸ்ஆன்லைன், அஷூர் ஏடிங்கிற பழைய மாட்யூல (கமாண்ட் தொகுப்பு) வெச்சு எழுதுனது. அந்த ரெண்டு மாட்யூலையும் 2024 மார்ச் 30ல டெப்ரிகேட் பண்ணிட்டாங்க, அதாவது இனி யூஸ் பண்ணாதீங்கன்னு ஒதுக்கிட்டாங்க, எம்எஸ்ஆன்லைன 2025ல நிறுத்தவே நிறுத்திட்டாங்க. அஷூர்ஆர்எம் மாட்யூல் அதுக்கும் முன்னாடியே, 2024 பிப்ரவரி 29ல போயாச்சு. ஆனா ஏஜென்ட்டோட ஞாபகத்துல அதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கு, கேட்ட உடனே கெட் எம்எஸ்ஓஎல் யூசர்னு அந்தப் பழைய கமாண்ட எழுதி நீட்டும், அதுவும் எவ்ளோ தன்னம்பிக்கையோட எழுதும்னு பாத்தவங்களுக்குத் தெரியும்.

டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தர் ஒரு நாள் சாயந்திரம் என் சீட்டுக்கு வந்தாரு. "அக்கா, ஸ்கிரிப்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா லாகினே ஆக மாட்டேங்குது, என் பாஸ்வேர்டு ப்ராப்ளமா?"ன்னு கேட்டாரு. வாங்கிப் பாத்தா மொத வரியே பழைய மாட்யூல் கனெக்ட் கமாண்ட். மதியத்துல இருந்து நாலு மணி நேரம் தன் பாஸ்வேர்டையும் எம்எஃப்ஏவையும் (பாஸ்வேர்டுக்கு மேல கேக்குற ரெண்டாவது சரிபார்ப்பு) சந்தேகப்பட்டு உக்காந்திருக்காரு. அவர் மேல தப்பே இல்ல, அவருக்கு அந்த மாட்யூல் மூடியாச்சுன்னு யாரு சொல்றது, ஏஜென்ட்டும் சொல்லல. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், இந்த டீம்ல ஏஜென்ட் எழுதுற ஒவ்வொரு வரியும் இன்னிக்குத் தேதில இருக்குற டாக்ஸப் பாத்துட்டுத்தான் எழுதணும்னு.

சரி, இது என்ன சாமான்? எம்சிபிங்கிறது ஏஜென்ட்டும் வெளி டூலும் பேசிக்கிறதுக்கு ஒரு பொதுவான பாஷை மாதிரி, ஆந்த்ரோபிக்ங்கிற ஏஐ கம்பெனி 2024 நவம்பர்ல வெளியிட்டாங்க, அப்புறம் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அந்த பாஷைல மைக்ரோசாஃப்ட் தன்னோட லேர்ன் சைட் டாக்ஸுக்கு 2025ல ஒரு சர்வர் போட்டாங்க. உள்ள மூணு டூல்தான். ஒண்ணு டாக்ஸ் சர்ச், கேள்விய அனுப்புனா சம்பந்தப்பட்ட டாக்ஸ் துண்டுகள எடுத்துத் தரும். ரெண்டாவது டாக்ஸ் ஃபெட்ச், ஒரு பக்கத்தோட லிங்க்கக் குடுத்தா முழுப் பக்கத்தையும் மார்க்டவுன்ல (எளிய டெக்ஸ்ட் வடிவம்) தரும். மூணாவது கோட் சாம்பிள் சர்ச், அஃபீஷியல் சாம்பிள் கோட மட்டும் தேடும். அவ்ளோதான். இருபது டூல் வெச்சு ஏஜென்ட்டக் குழப்பாம மூணோட நிறுத்துனது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

செட்டப் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க எடிட்டர்லயோ ஏஜென்ட்லயோ எம்சிபி செட்டிங்ஸ்ல போய் டைப் எச்டிடிபின்னு போட்டு, அட்ரஸ்ல லேர்ன் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் ஸ்லாஷ் ஏபிஐ ஸ்லாஷ் எம்சிபின்னு குடுத்தா முடிஞ்சுது. உங்க மெஷின்ல எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், சர்வர் அவங்க பக்கம்தான் ஓடுது. புதுசா போடுறவங்க நிறைய பேர் அந்த அட்ரஸ பிரவுசர்ல ஓபன் பண்ணிப் பாத்துட்டு 405ன்னு எரர் வந்ததும் சர்வர் டவுன்னு நினைச்சுக்குறாங்க. டவுன் இல்ல, அந்த அட்ரஸ் மனுஷங்க பாக்குறதுக்கு இல்ல, எம்சிபி க்ளையன்ட் மட்டும்தான் பேசும், பிரவுசர்ல 405 வர்றதுதான் முறை. இன்னொண்ணு, ஆபீஸ் நெட்வொர்க்ல ப்ராக்ஸி இருந்தா அந்த டொமைன் அனுமதில இருக்கான்னு மொதல்ல பாத்துக்கோங்க, எங்களுக்கு அதுலதான் அரை நாள் போச்சு.

இதுல சர்ச் பண்ற விதம் எனக்கு எங்க உதவுச்சுன்னு சொல்றேன். மைக்ரோசாஃப்ட் ப்ராடக்ட் பேர மாத்திக்கிட்டே இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆஃபீஸ் 365 ப்ளான் நிறைய 2020ல மைக்ரோசாஃப்ட் 365 ஆச்சு, அஷூர் ஏடிங்கிறது 2023 ஜூலைல என்ட்ரா ஐடி ஆச்சு, ஏடி கனெக்ட் என்ட்ரா கனெக்ட் ஆச்சு. ஆனா க்ளையன்ட் அனுப்புற டிக்கெட்ல இன்னிக்கும் ஏடி கனெக்ட் சிங்க் ஆகலைன்னுதான் இருக்கும், நாங்களும் வாயில அப்படித்தான் சொல்றோம். வெறும் வார்த்தைய மேட்ச் பண்ற சர்ச்சா இருந்தா பழைய பேருக்குப் பழைய ஃபோரம் பதில்தான் வந்து குவியும். இது அர்த்தத்த வெச்சுத் தேடுறதால பழைய பேர்ல கேட்டாலும் புதுப் பேர்ல இருக்குற பக்கத்துக்கே கூட்டிட்டுப் போகுது. நான் பாதித் தமிழ்லதான் ஏஜென்ட்கிட்ட பேசுவேன், "இந்த யூசருக்கு எம்எஃப்ஏ ரீசெட் பண்ண எந்த ரோல் பத்தும்?"னு கேட்டா அதுவே இங்கிலீஷ்ல கேள்விய மாத்தி சர்ச்சுக்கு அனுப்பிக்குது, அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

இப்ப முக்கியமான கதைக்கு வர்றேன். ஆடிட்டுக்காக ஒரு க்ளையன்ட் கேட்டாங்க, 90 நாளா லாகின் பண்ணாத யூசர் லிஸ்ட் வேணும், பாத்துட்டு டிஸேபிள் பண்ணப் போறோம்னு. கேக்குறதுக்கு ஒரு வரி, ஆனா உள்ள போனா அத்தன முடிச்சு. இதே கேள்விய மூணு விதமா ஏஜென்ட்கிட்ட குடுத்துப் பாத்தேன், டாக்ஸ் எதுவும் இல்லாம ஒரு தடவ, சர்ச் மட்டும் குடுத்து ஒரு தடவ, சர்ச்சும் ஃபெட்ச்சும் சேத்து ஒரு தடவ. மூணுமே ஒரே ஏஜென்ட், ஒரே கேள்வி.

டாக்ஸ் இல்லாம கேட்டப்ப, பழைய மாட்யூல எழுதாதன்னு முன்னாடியே சொல்லியிருந்ததால இப்ப நடப்புல இருக்குற மைக்ரோசாஃப்ட் கிராஃப் மாட்யூல்லயே எழுதுச்சு, ஆனா எடுத்த வழி சைன் இன் லாக், அதாவது யாரு எப்ப லாகின் பண்ணாங்கங்கிற பதிவு. கடைசி 90 நாள் சைன் இன் லாக்க எடு, அதுல பேர் இல்லாதவங்க எல்லாம் இன்ஆக்டிவ்னு லாஜிக். படிச்சா சரியாத்தான் தோணும், எரரும் வராது, லிஸ்ட்டும் வரும். ஆனா என்ட்ரால சைன் இன் லாக்க பி1, பி2ங்கிற காசு குடுத்து வாங்குற லைசென்ஸ் இருந்தாலே 30 நாள்தான் வெச்சிருப்பாங்க, ஃப்ரீயா இருந்தா வெறும் 7 நாள். அப்ப 90 நாள்னு கேட்டாலும் கைல வர்றது 30 நாள் டேட்டா. நாப்பது நாள் முன்னாடி லாகின் பண்ணவங்க, மகப்பேறு லீவுல இருக்குறவங்க, ஆன்சைட் போனவங்க எல்லாரும் இன்ஆக்டிவ்னு லிஸ்ட்டுல வந்து நிப்பாங்க. அத நம்பி டிஸேபிள் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சப்பவே வயித்துல புளியக் கரைச்சுது. எரர் வந்து நிக்குற ஸ்கிரிப்ட்டப் பத்தி எனக்குப் பயமில்ல, சத்தமில்லாம தப்பா ஓடி முடிக்கிற ஸ்கிரிப்ட்தான் ஆளைக் கவுக்கும்.

ரெண்டாவது தடவ சர்ச் இருந்துச்சு. இன்ஆக்டிவ் யூசர் அக்கவுன்ட்ட எப்படி மேனேஜ் பண்றதுன்னு இருக்குற டாக்ஸ் பக்கத்துல இருந்து துண்டு வந்துச்சு, ஏஜென்ட் உடனே பாதைய மாத்திக்கிச்சு. யூசர் ஆப்ஜெக்ட்லயே சைன் இன் ஆக்டிவிட்டின்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அதுல கடைசியா சைன் இன் பண்ண தேதி இருக்கும், லாக்க நோண்டவே வேண்டாம். இதுதான் சரியான வழி. ஒரே சர்ச்ல தப்பான ரோட்டுல இருந்து சரியான ரோட்டுக்கு வந்தாச்சு. இந்த இடத்துல டூலுக்கு முழு மார்க் குடுக்குறேன், மனசாரத்தான் சொல்றேன்.

ஆனா ரோடு சரி, பள்ளம் எங்க இருக்குன்னு துண்டுல இல்ல. சர்ச் ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்து துண்டு தரும், ஒவ்வொண்ணும் 500 டோக்கனுக்குள்ள (டோக்கன்னா ஏஜென்ட் டெக்ஸ்ட்ட எண்ணுற சின்னத் துண்டு), அப்படித்தான் டூலோட விவரிப்புலயே போட்டிருக்கு. பத்து துண்டுன்னா மொத்தம் 5,000 டோக்கன் தாண்டாது, ஏஜென்ட்டோட ஞாபகத்த அடைக்காம இருக்கணும்னா அப்படித்தான் பண்ண முடியும். அதுல குத்தம் சொல்ல மாட்டேன். எது வெட்டுப்படும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்ளோதான். எங்க ஏஜென்ட் துண்டோட திருப்தியாகி, அக்கவுன்ட் எனேபிள்ல இருக்கணும், கடைசி சைன் இன் 90 நாளுக்கு முன்னாடி இருக்கணும்னு ரெண்டையும் ஒரே ஃபில்டர்ல சேத்து எழுதிடுச்சு. சைன் இன் ஆக்டிவிட்டி ஃபில்டர வேற ஃபில்டரோட சேக்கக் கூடாதுன்னு யூசர் ப்ராப்பர்ட்டி டேபிள்ல ஒரு ஓரமா எழுதியிருக்கு. அது எரரா வந்து நின்னுடும், பரவால்ல, கண்டுபிடிச்சுடலாம். எரர் வராத பள்ளம் அதுக்கு அடுத்தாப்புல இருக்கு.

மூணாவது தடவ ஃபெட்ச் பண்ணி முழுப் பக்கத்தையும் படிச்சுட்டு எழுதுன்னு சொன்னேன். இப்ப வந்தத என் கண்ணாலயே பக்கத்துலயும் சரி பாத்தேன். மொதல் விஷயம், கடைசி சைன் இன் தேதிங்கிறது லாகின் பண்ண முயற்சி பண்ண தேதி, உள்ள போனாங்களா இல்லையாங்கிறது கணக்குல இல்ல. அதாவது தப்பான பாஸ்வேர்ட் போட்டாலும் அந்தத் தேதி புதுசாகும். யோசிச்சுப் பாருங்க, ஆறு மாசம் முன்னாடி வேலைய விட்டுப் போனவரோட அக்கவுன்ட்ட வெளியில இருந்து எவனோ பாஸ்வேர்ட் போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா, அந்த அக்கவுன்ட் நம்ம லிஸ்ட்டுல ஆக்டிவ்வா தெரியும், டிஸேபிள் பண்ண வேண்டியவங்கள்ல மொத ஆளு அதுதான், அதுவே தப்பிச்சுடும். அதுக்குத்தான் கடைசியா வெற்றிகரமா சைன் இன் பண்ண தேதின்னு தனியா இன்னொரு ப்ராப்பர்ட்டி இருக்கு.

ரெண்டாவது, ஆள் தானே பண்ற இன்டராக்டிவ் சைன் இன் வேற, பின்னாடி ஆப் தானா பண்ணிக்கிற நான்-இன்டராக்டிவ் சைன் இன் வேற. ஃபோன்ல மெயில் ஆப்ப ஒரு தடவ லாகின் பண்ணி விட்டுட்டா அப்புறம் மாசக்கணக்கா பின்னாடி லாகின் டோக்கன் (உள்ள விடுற பாஸ் மாதிரி) தானா புதுப்பிச்சுக்கும், ஆள் ஒரு தடவ கூட பாஸ்வேர்ட் போட மாட்டாரு. இன்டராக்டிவ் தேதிய மட்டும் பாத்தா அவர் மூணு மாசமா காணாமப் போனவரு. நிஜத்துல காலைல கூட மெயில் அனுப்பியிருப்பாரு. எங்க லிஸ்ட்டுலயே இப்படி ஒருத்தர் இருந்தாரு, ஃபேக்டரி ஷாப் ஃப்ளோர்ல சூப்பர்வைசர், கம்ப்யூட்டரே தொட மாட்டாரு, எல்லாம் ஃபோன்லதான். டிஸேபிள் பண்றதுக்கு முன்னாடி அஞ்சாறு பேரக் கூப்பிட்டுக் கேட்டுடலாம்னு தம்பி ஃபோன் போட்டப்ப அவரே எடுத்து, "என்னப்பா, டெய்லி ஷிஃப்ட் ரிப்போர்ட் அனுப்பிட்டுத்தான இருக்கேன்"னு சொன்னாரு. அவர் அக்கவுன்ட்ட மூடியிருந்தா அடுத்த நாள் காலை ஷிஃப்ட் ரிப்போர்ட் நின்னிருக்கும், பழி எங்க டீம் மேலதான் விழுந்திருக்கும்.

மூணாவது, தேதி காலியா இருந்தா என்ன அர்த்தம்? ஒரு தடவ கூட லாகின் பண்ணலன்னு நாம நினைச்சுக்குவோம். ஆனா இன்டராக்டிவ் சைன் இன் கணக்கு 2020 ஏப்ரல்ல இருந்துதான் வெச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி கடைசியா வந்தவங்களுக்கும் காலியாத்தான் இருக்கும். காலியா இருக்குறவங்க தேதி ஃபில்டர்லயும் சிக்க மாட்டாங்க, தனியா எடுக்கணும். அப்புறம் இந்த ப்ராப்பர்ட்டியப் படிக்கணும்னா ஆடிட் லாக் ரீட் பர்மிஷன் தனியா வேணும், டெனன்ட்ல என்ட்ரா பி1 இல்லாட்டி பி2 லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸ் இல்லாத சின்ன க்ளையன்ட்டுக்கு இந்த ஸ்கிரிப்ட்டக் கொண்டு போனா ஓடாது, அத மீட்டிங்ல ஒத்துக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்ல.

இத்தனையும் எங்க இருக்குன்னா டேபிள்ல, குறிப்புல, பர்மிஷன் செக்‌ஷன்ல, பக்கத்தோட அடில. சாம்பிள் கோட் இருக்குற துண்டுதான் கேள்விக்கு ரொம்ப நெருக்கமா இருக்கும், அதனால சர்ச்ல அதுதான் மேல வரும். டாக்ஸ் எழுதுறவங்க ஒரு பக்கத்துல சாம்பிள ஒரு இடத்துலயும் எச்சரிக்கைய இன்னொரு இடத்துலயும் வெப்பாங்க, மனுஷன் ஸ்க்ரோல் பண்றப்ப கண்ணுல படும், துண்டு துண்டா எடுத்தா படாது. அதனாலதான் சொல்றேன், எழுதப் போறது எதையாவது மாத்துற, அழிக்கிற, டிஸேபிள் பண்ற ஸ்கிரிப்ட்டுன்னா ஃபெட்ச் பண்ணாம ஒரு வரி எழுத விடாதீங்க. சும்மா ஒரு சந்தேகம், இந்த கமாண்ட்டுக்கு என்ன ஆப்ஷன் இருக்குன்னு கேக்குறதுக்கெல்லாம் சர்ச்சே தாராளம்.

இன்னொரு விஷயம் இருக்கு, டூல் கனெக்ட் ஆகியிருக்குறதாலேயே ஏஜென்ட் அத எடுத்து யூஸ் பண்ணிடாது. தனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சா கேக்காமலே ஞாபகத்துல இருந்து எழுதிடும், நாம டாக்ஸப் பாத்துட்டுத்தான் எழுதுதுன்னு நம்பிக்கிட்டு இருப்போம். அதனால ப்ராஜெக்ட்டோட இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபைல்ல மூணு வரி போட்டு வெச்சிருக்கேன். மைக்ரோசாஃப்ட் சம்பந்தப்பட்ட எதையும் எழுதுறதுக்கு முன்னாடி சர்ச் பண்ணு. கோட் எழுதணும்னா அந்தப் பக்கத்த ஃபெட்ச் பண்ணி பர்மிஷனும் குறிப்பும் என்ன சொல்லுதுன்னு எனக்கு மொதல்ல சொல்லு. ஸ்கிரிப்ட்டோட தலையில கமெண்ட்டா எந்தப் பக்கத்தப் பாத்து எழுதுனன்னு லிங்க்கப் போடு. இந்த மூணாவது வரிதான் எங்க டீம்ல பெரிய மாத்தத்தக் கொண்டு வந்துச்சு, ஏன்னா ரிவ்யூ பண்றவங்க லிங்க்கத் தொட்டா பக்கம் ஓபன் ஆகுது, ரெண்டு நிமிஷத்துல சரி பாத்துடலாம், லிங்க் இல்லாத ஸ்கிரிப்ட்ட இப்ப யாரும் அப்ரூவ் பண்றதே இல்ல. எடிட்டர்லயும் எந்த டூல எப்ப கூப்பிட்டுச்சுன்னு காட்டும், அத ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருங்க.

ஃபெட்ச்சுக்கு விலை இருக்கு, டோக்கன் விலை. சில பக்கம் ரொம்ப நீளம், யூசர் ரிசோர்ஸ் பக்கம் மாதிரி ப்ராப்பர்ட்டி டேபிள் இருக்குற பக்கம் எல்லாம் உள்ள வந்தா ஏஜென்ட்டோட இடத்துல பெரிய பங்கப் பிடிச்சுக்கும். ஒரே சாட்ல நாலஞ்சு பக்கம் ஃபெட்ச் பண்ண விட்டா ஆரம்பத்துல நாம சொன்னத மறக்க ஆரம்பிச்சுடும். நான் பண்றது என்னன்னா, தேடிப் படிக்கிறதுக்கு ஒரு சாட், அதுல எல்லாத்தையும் படிக்க விட்டு, கடைசில நமக்கு வேண்டிய விதிய மட்டும் பத்து வரில எழுதச் சொல்லி, அத எடுத்துக்கிட்டுப் புது சாட்ல கோட் எழுத விடுறது. கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனா கோட் சுத்தமா வருது.

கோட் சாம்பிள் சர்ச்ச பத்தி ரெண்டு வார்த்தை. லாங்குவேஜ் பேர சேத்துக் குடுத்தா நல்லா வேலை செய்யுது, குடுக்காம விட்டா பவர்ஷெல் கேட்ட இடத்துல பைத்தானும் கலந்து வரும். எங்க டெவலப்பர் பசங்களுக்கு இது அஷூர் ஃபங்ஷன்ஸ்ல (சின்னச் சின்ன கோட க்ளவுட்ல ஓட்டுற சர்வீஸ்) ரொம்ப உதவுச்சு. அதுல டாட்நெட் கோட ஓட்டுறதுக்கு ரெண்டு மாடல் இருக்கு, பழைய இன் ப்ராசஸ் மாடலுக்கு சப்போர்ட் 2026 நவம்பர் 10 வரைக்கும்தான், புதுசா எழுதுறதெல்லாம் ஐசோலேட்டட் ஒர்க்கர் மாடல்ல எழுதணும், ஆனா ஏஜென்ட்ட சும்மா விட்டா ரெண்டையும் போட்டுக் கலக்கிடும், மேல ஒரு மாடலோட பேக்கேஜ், கீழ இன்னொரு மாடலோட அட்ரிப்யூட். அஃபீஷியல் சாம்பிள முன்னாடி வெச்சுட்டு எழுதச் சொன்னா அந்தக் கலப்படம் நின்னுடுச்சு. அதே மாதிரி பேசிக் பப்ளிக் ஐபிங்கிற அஷூரோட பழைய ஐபி அட்ரஸ் ரகம், 2025 செப்டம்பர் 30ல ரிட்டயர் ஆனது, அதையும் ஏஜென்ட் இன்னும் போட்டுக்கிட்டு இருந்துச்சு, சர்ச் பண்ணதும் ஸ்டாண்டர்டுக்கு மாத்திக்கிச்சு.

மத்தவங்ககிட்ட இருக்குறதோட ஒப்பிட்டுக் கேப்பீங்க. அமேசான் பக்கம் ஏடபிள்யூஎஸ் டாக்குமென்டேஷன் எம்சிபி சர்வர் இருக்கு, அது நம்ம மெஷின்ல பைத்தான் வழியா ஓடுறது, அதுலயும் தேடுறதும் பக்கத்தப் படிக்கிறதும் தனித்தனி டூல், நீளமான பக்கத்த எந்த இடத்துல இருந்து எவ்ளோ படிக்கணும்னு சொல்லிப் பகுதி பகுதியா வாங்கிக்கலாம், சம்பந்தப்பட்ட வேற பக்கத்தையும் பரிந்துரை பண்ணும். பகுதி பகுதியா வாங்குற அந்த வசதி எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. இன்ஸ்டாலே பண்ணாம ரிமோட்ல யூஸ் பண்ற மாதிரி நாலெட்ஜ் சர்வர்னு தனியா ஒண்ணும் விட்டிருக்காங்க. அப்ஸ்டாஷோட கான்டெக்ஸ்ட்7 வேற ரகம், ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிருக்கும், மொதல்ல லைப்ரரி எதுன்னு அடையாளம் பாத்துட்டு அப்புறம் டாக்ஸத் தரும். ரியாக்ட், நெக்ஸ்ட் மாதிரி வேலைக்கு அது அருமை, ஆனா அதுல இருக்குற ப்ராஜெக்ட்டெல்லாம் கம்யூனிட்டி சேத்தது, சரியா இருக்கும்னு உத்தரவாதம் இல்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. க்ளையன்ட் டெனன்ட்ல கை வெக்கிற வேலைக்கு எனக்கு ப்ராடக்ட் போட்டவங்களே எழுதுன டாக்ஸ், அவங்களே நடத்துற சர்வர்தான் வேணும். அந்த விஷயத்துல லேர்ன் சர்வர்தான் என் சாய்ஸ்.

செக்யூரிட்டி பத்தி ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு இத லேசா எடுத்துக்காதீங்க. சர்ச்சுக்குப் போற கேள்விய எழுதுறது நாம இல்ல, ஏஜென்ட். நாம சாட்ல க்ளையன்ட் பேரு, டெனன்ட் ஐடி, யூசரோட மெயில் ஐடி எல்லாம் போட்டு ஒரு எரர ஒட்டுனா, அதையும் தூக்கிக் கேள்வியோட வெளிய அனுப்பிடலாம். அதனால எரர் மெசேஜ ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த மாதிரி விவரத்த நீக்கிட்டுத்தான் ஒட்டணும்னு டீம்ல கண்டிப்பா சொல்லி வெச்சிருக்கேன். அதே மாதிரி டாக்ஸ் தர்றேன்னு சொல்ற, யாரு நடத்துறாங்கன்னே தெரியாத எம்சிபி சர்வர எல்லாம் கனெக்ட் பண்ணாதீங்க. டாக்ஸுங்கிற பேர்ல வர்ற டெக்ஸ்ட்டுக்குள்ள ஏஜென்ட்டுக்கு வேற உத்தரவ ஒளிச்சு வெக்க முடியும், அட்மின் பர்மிஷனோட ஓடுற ஏஜென்ட் அதப் படிச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. எங்ககிட்ட டாக்ஸ் படிக்கிற ஏஜென்ட்டுக்கு டெனன்ட் ஆக்சஸ் கிடையாது, ஸ்கிரிப்ட்ட எழுதித் தரும், ஓட்டுறது மனுஷங்கதான்.

இதால முடியாதது என்னன்னா, இதுக்குத் தெரிஞ்சது பப்ளிக் டாக்ஸ் மட்டும். உங்க டெனன்ட்ல என்ன லைசென்ஸ் இருக்கு, யாரு என்ன ரோல்ல இருக்காங்க, உங்க ஆபீஸ் ரூல் என்னங்கிறதெல்லாம் இதுக்குத் தெரியாது. மாசக்கணக்கா லாகின் பண்ணலன்னாலும் எமர்ஜென்சிக்குன்னு வெச்சிருக்குற பிரேக் க்ளாஸ் அக்கவுன்ட்ட டிஸேபிள் பண்ணக் கூடாதுன்னு டாக்ஸ்ல பொதுவா இருக்கும், ஆனா உங்க டெனன்ட்ல அது எந்த அக்கவுன்ட்டுன்னு நீங்கதான் சொல்லணும். நாங்க அத விலக்கு லிஸ்ட்டா தனி ஃபைல்ல வெச்சு ஸ்கிரிப்ட் மொதல்ல அதப் படிக்கிற மாதிரி பண்ணியிருக்கோம். மைக்ரோசாஃப்ட் வேலையே பாக்காதவங்களுக்கும், சாட்ல கோட் எழுதாம போர்ட்டல்லயே க்ளிக் பண்ணி வேலைய முடிக்கிறவங்களுக்கும் இது அவ்வளவா தேவைப்படாது, லேர்ன் சைட்ட நேரா ஓபன் பண்ணிப் படிச்சாலே போதும்.

எனக்கு இப்ப இருக்குற ஏக்கம் எல்லாம் எங்க சொந்த டாக்ஸ் மேலதான். ஒவ்வொரு க்ளையன்ட்டுக்கும் ரன்புக்னு (எந்த வேலைய எப்படிப் பண்ணணும்னு எழுதுனது) வேர்ட் ஃபைல் ஷேர்டு ஃபோல்டர்ல கிடக்கு, பேரு பைனல், பைனல் டூ, புது பைனல்னு இருக்கும், எது நடப்புல இருக்குறதுன்னு அத எழுதுனவங்களுக்குத்தான் தெரியும், அவங்கள்ல பாதிப் பேர் இப்ப இங்க இல்ல. வெளி டாக்ஸ இவ்ளோ அழகாத் தேடித் தர்ற ஏஜென்ட் நம்ம வீட்டு டாக்ஸுல வந்து முழிச்சுக்கிட்டு நிக்குது. அதனால தம்பியும் நானும் சேந்து ஒரே ஒரு க்ளையன்ட் ஃபோல்டர எடுத்து ஆரம்பிச்சிருக்கோம். பழசத் தூக்கிட்டு, மிச்சத்த மார்க்டவுனுக்கு மாத்தி, ஒவ்வொரு கமாண்டுக்குக் கீழயே அதோட எச்சரிக்கையும் தேவையான பர்மிஷனும் இருக்குற மாதிரி எழுதிக்கிட்டு வர்றோம், துண்டா வெட்டுனாலும் ரெண்டும் சேந்தே வரணும்னு. இதுவரைக்கும் பதினோரு ஃபைல் முடிஞ்சிருக்கு.